தெரிவித்த பிறகு தொடங்கும் பொறுப்பு

ஒரு சனிக்கிழமை மாலை, சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நானும் அண்ணன் மகளும் உட்கார்ந்து ஒரு கெட்ட வார்த்தையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தோம். அவள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய படத்தை எடுத்து யாரோ ஒரு பொய்க் கணக்குத் தொடங்கி, படத்துக்குக் கீழே தமிழில் அந்த வார்த்தையைப் போட்டிருந்தார்கள். தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில். அவள் முதல் நாளே புகார்ப் பொத்தானை அழுத்திவிட்டாள். மூன்றாம் நாள் பதில் வந்தது: பரிசீலித்தோம், இது எங்கள் சமூக விதிகளை மீறவில்லை.

"சித்தப்பா, அவங்களுக்குத் தமிழ் தெரியாதா?" என்று கேட்டாள்.

இரண்டாவது புகாரை இருவரும் சேர்ந்து எழுதினோம். அந்த வார்த்தைக்கு என்ன பொருள், ஒரு பெண்ணைப் பார்த்து அதைச் சொன்னால் என்ன அர்த்தம், அந்தப் படம் அவளுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எழுதி, திரைப்பிடிப்புகளையும் இணைத்தோம். மறுநாள் கணக்கு காணாமல் போயிற்று. சரி, போய்விட்டது. ஆனால் அந்த மூன்று நாளில் அவள் வகுப்பில் எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றிலிருந்து என்னை விடாமல் தொந்தரவு செய்யும் கேள்வி இது. எழுதியவன் குற்றவாளி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் எழுதியதைத் தாங்கி நின்ற நிறுவனம்? அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த இணையச் சேவை நிறுவனம்? இவர்களுக்கு எப்போது, எந்த அளவுக்குப் பொறுப்பு வருகிறது? சிங்கப்பூர்ச் சட்டம் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக, சட்டத்துக்குமேல் சட்டமாக, துண்டு துண்டாகப் பதில் சொல்லி வந்திருக்கிறது. அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அச்சாணியாக ஒரே ஒரு சொல் நிற்கிறது: தெரியும்.

முதலில் யார் யார் என்று பிரித்துக்கொள்வோம். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 போன்றவை வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கின்றன. இவை தபால்காரர் மாதிரி. உறைக்குள் என்ன இருக்கிறது என்று தபால்காரர் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. ஃபேஸ்புக், டிக்டாக், யூடியூப் போன்றவை வேறு வகை. நம் புளோக்கில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை இருக்கிறதே, அதைப் போல. பலகையில் யாரோ ஒருவர் தாளை ஒட்டலாம், ஆனால் பலகைக்குச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு, சாவியும் அவரிடம் உண்டு. இந்த உவமையும் ஓரளவுக்குத்தான் பொருந்தும். மின்தூக்கிப் பக்கத்துப் பலகை, எந்தத் தாளை யார் அதிகம் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டு மேலே தூக்கி வைப்பதில்லை. சமூக ஊடகம் அதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறது, அதில்தான் பணமும் சம்பாதிக்கிறது. தபால்காரருக்கு எழுதிய சட்டத்தை இவர்களுக்கும் அப்படியே பொருத்த முடியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

சிங்கப்பூரில் முதல் விதிகள் வந்தது 1996 ஜூலையில். ஒலிபரப்புச் சட்டத்தின்கீழ் இணையத்துக்கு ஒரு பொது உரிம முறையை அப்போதைய ஒலிபரப்பு ஆணையம் கொண்டுவந்தது. தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை, சேவை தொடங்கினாலே உரிமம் பெற்றவராகக் கருதப்படுவீர்கள், அதன் நிபந்தனைகளும் உங்களைக் கட்டுப்படுத்தும். தமிழ் எழுத்து இணையத்தில் தவழத் தொடங்கிய காலமும் அதுதான். எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் அவரோடு உழைத்தவர்களும் 'கணியன்' என்ற தமிழ் எழுத்துரு முறை மூலம் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழிலேயே இணையத்தில் ஏற்றியது 1995-இல். தமிழ் இணையத்துக்கான தமிழ்நெட் 97 மாநாடு இங்கே நடந்தது 1997 மே மாதம். அதே 1997-இல்தான் இணைய நடைமுறை விதித்தொகுப்பும் இப்போதைய வடிவத்துக்கு வந்தது.

அந்த விதித்தொகுப்பில் ஓர் இடத்தை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பிறர் எழுதிப் போடும் விஷயங்களுக்குத் தளம் நடத்துபவர் என்ன செய்ய வேண்டும்? வழக்கமான ஆசிரியப் பணியின்போது தடைசெய்யப்பட்ட ஒன்றைத் தானே கண்டாலோ, அதைப் பற்றி யாராவது தெரிவித்தாலோ, அதை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். வந்து விழும் ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சல்லடை போட்டுச் சலிக்கச் சொல்லவில்லை. கண்டால் எடு, சொன்னால் எடு. ஃபேஸ்புக் பிறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட வரி இது. பின்னால் வந்த எல்லாச் சட்டங்களின் விதையும் இதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு அந்த விதித்தொகுப்பு வைத்த கடமை இன்னும் குறுகியது: ஆணையம் மூடச் சொன்ன தளங்களை மூடினால் போதும். 100 தளங்கள் கொண்ட ஓர் அடையாளப் பட்டியலைத் தடுக்கச் சொன்னார்கள், பெரும்பாலும் ஆபாசத் தளங்கள். எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு, சமூகம் எதை ஏற்கவில்லை என்று காட்டுவதற்காக வைத்த பட்டியல் அது.

அப்புறம் 1998-இல் மின்னியல் பரிவர்த்தனைச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் இப்போது இருப்பது 2010-ஆம் ஆண்டுச் சட்டம், அதில் 26-ஆம் பிரிவு. மூன்றாம் தரப்பினர் உருவாக்கிய ஒன்றுக்கு வெறும் வழி மட்டும் ஏற்படுத்திக் கொடுத்த நிறுவனத்தின்மீது, அதை வெளியிட்டதாகவோ பரப்பியதாகவோ உரிமை வழக்கும் போட முடியாது, குற்ற வழக்கும் போட முடியாது. தபால்காரருக்குக் கொடுத்த கவசம் இது. ஆனால் 'வெறும் வழி' என்பதற்குச் சட்டம் கொடுக்கும் விளக்கம் மிகக் குறுகியது. போய்ச் சேருவதற்குத் தேவையான தொழில்நுட்ப ஏற்பாடும், அதற்காகத் தானாக நடக்கும் தற்காலிகச் சேமிப்பும் மட்டும்தான் அதில் அடங்கும். மாதக்கணக்கில் பதிவைச் சேமித்து வைத்து, அடுக்கி, பரிந்துரைத்துக் காட்டும் நிறுவனம் அந்தக் கவசத்துக்குள் சுலபமாக நுழைந்துவிட முடியாது. உரிம நிபந்தனை, நீக்கச் சொல்லும் நீதிமன்ற ஆணை, பதிப்புரிமை ஆகியவையும் கவசத்துக்கு வெளியே நிற்கின்றன. அமெரிக்காவில் 1996-இல் எழுதிய 230-ஆம் பிரிவு, அறிவிப்பு கிடைத்த பிறகும் பயனர் எழுதியதற்காக வழக்கு வராமல் தளங்களைப் பெரும்பாலும் காக்கிறது. சிங்கப்பூர் அந்த வழியில் போகவில்லை.

பதிப்புரிமையைச் சொன்னேன் அல்லவா? 'சொன்னால் எடு' என்ற எண்ணம் முழு இயந்திரமாக வளர்ந்தது அங்கேதான். அமெரிக்காவோடு 2004-இல் நடப்புக்கு வந்த தடையற்ற வணிக உடன்பாடு அதற்குப் பெரிய உந்துதல். இப்போது 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அது இருக்கிறது. படத்துக்கோ பாட்டுக்கோ உரிமை உள்ளவர் குறித்த வடிவத்தில் அறிவிப்புக் கொடுக்கிறார். சேமித்து வைத்திருக்கும் நிறுவனம் விரைந்து நீக்கினால் அதற்குப் பாதுகாப்பு உண்டு. நீக்கியதைப் பதிவு போட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும். அவர் மறுப்பு அறிவிப்புக் கொடுக்கலாம், உரிமையாளர் நீதிமன்றம் போகாவிட்டால் பதிவு திரும்ப ஏறும். பொய்யான அறிவிப்புக் கொடுப்பதே ஒரு குற்றம். அப்பட்டமாகத் திருட்டுப் படம் போடும் தளங்களை இணைய நிறுவனங்கள் மூட வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் நேரடியாக ஆணை கேட்கும் வழியும் 2014-இல் வந்தது. 2018-இல் ஒரே வழக்கில் 53 தளங்கள் மூடப்பட்டன.

இதை நான் குறை சொல்லவில்லை, நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. யார் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும், சொன்னபின் என்ன நடக்க வேண்டும், எதிர்த்தரப்புக்கு என்ன வழி, எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒரு திரைப்பட நிறுவனத்துக்குத் தன் படம் திருடுபோனால் இத்தனை தெளிவான கதவு இருந்த அதே காலத்தில், தன் முகமே திருடுபோன ஒரு மாணவிக்கு இருந்தது ஒரு புகார்ப் பொத்தானும், 2014-ஆம் ஆண்டுத் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் நீதிமன்றப் படியேறும் வழியும்தான். அந்தச் சட்டமும் பின்னால் நன்றாகவே வலுப்பெற்றது. ஒருவரின் தனிப்பட்ட விவரங்களை வெளியிட்டுத் தொல்லை கொடுப்பது 2020 தொடக்கத்திலிருந்து குற்றம். 2021 ஜூனில் அதற்கென்றே தனி நீதிமன்றம் தொடங்கியது. இணைய நிறுவனத்துக்கே நேரடியாக ஆணை பிறப்பிக்க அதனால் முடியும். இருந்தாலும், 19 வயதுப் பெண் ஒருத்தி நீதிமன்ற மனு என்ற சொல்லைக் கேட்டதுமே பின்வாங்கிவிடுவாள். என் அண்ணன் மகள் பின்வாங்கினாள்.

நம் சமூகத்தை நேரடியாகத் தொட்ட ஒரு வழக்கையும் இங்கே சொல்ல வேண்டும். 2015 பிப்ரவரி 3, தைப்பூசம். சிராங்கூன் சாலையில் ஊர்வலத்தின்போது இசைக்கருவி வாசித்தது தொடர்பாகப் போலிசாருடன் தகராறு ஏற்பட்டு, சிலர் கைதானார்கள். ஏற்கெனவே மனம் புண்பட்டிருந்த நேரம். மறுநாளே 'தி ரியல் சிங்கப்பூர்' என்ற இணையத்தளம், ஒரு ஃபிலிப்பினோ குடும்பம் புகார் செய்ததால்தான் தகராறே வந்தது என்று எழுதியது. அது பொய். வாட்ஸ்அப்பில் அது எவ்வளவு வேகமாகச் சுற்றியது என்பது அன்று கையில் கைப்பேசி வைத்திருந்த எல்லாருக்கும் நினைவிருக்கும். நம் கோபத்தைப் பக்கத்து வீட்டுக்காரன்மேல் திருப்பிவிட ஒரு பொய் போதும் என்று அன்று கண்ணால் பார்த்தோம். 2015 மே மாதம் ஊடக மேம்பாட்டு ஆணையம் அந்தத் தளத்தை மூடச் சொன்னது. 1996-இல் வந்த அதே பொது உரிமத்தின்கீழ்தான். தளத்தை நடத்திய தம்பதி 2016-இல் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ்ச் சிறைக்குப் போனார்கள், மனைவிக்குப் பத்து மாதம், கணவனுக்கு எட்டு மாதம். பிறர் அனுப்பியதைத்தானே போட்டோம் என்று சொல்லி ஒதுங்க அவர்களுக்கு இடமில்லாமல் போனது, அவர்களே கை வைத்து மாற்றி எழுதியதால்தான். பலகைக்குச் சொந்தக்காரரே தாளில் எழுதினால் அவர் எழுத்தாளர்தான், வெறும் சொந்தக்காரர் இல்லை.

வெறுமனே பகிர்ந்தவரையும் சட்டம் விட்டுவிடுவதில்லை. மலேசியத் தளம் ஒன்றின் கட்டுரையை, தன் சொந்த வார்த்தை ஒன்றுகூடச் சேர்க்காமல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த ஒருவர், அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தொடுத்த அவதூறு வழக்கில் 133,000 வெள்ளி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி பொஃப்மா. இணையவழிப் பொய்களுக்கு எதிரான இந்தச் சட்டம் 2019 மே மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அக்டோபர் 2-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. முந்தைய விதிகளில் 'எடுத்துவிடு' என்பது முதன்மை. இதில் 'திருத்தத்தைப் பக்கத்தில் வை' என்பது முதன்மை. அமைச்சர் ஒருவர், ஒரு பதிவில் உண்மைத் தகவல் என்று சொல்லப்பட்டது பொய் என்றும், தலையிடுவது பொது நலனுக்குத் தேவை என்றும் கருதினால், பதிவு போட்டவருக்குத் திருத்த உத்தரவு போகும். அவர் கேட்காவிட்டால், அல்லது எட்டாத இடத்தில் இருந்தால், தளத்துக்கே உத்தரவு போகும். 2019 நவம்பர் 30-ஆம் தேதி முதல்முறையாக ஃபேஸ்புக் அப்படி ஒரு குறிப்பைப் போட்டது. இந்தப் பதிவில் பொய்த் தகவல் இருப்பதாகச் சிங்கப்பூர் அரசாங்கம் சொல்கிறது என்பதை உங்களுக்குத் தெரிவிக்க நாங்கள் சட்டப்படி கடமைப்பட்டவர்கள் என்பது அதன் சாரம். அந்த வாசகத்தைக் கவனியுங்கள். பொய் என்று நாங்கள் சொல்கிறோம் என்று ஃபேஸ்புக் சொல்லவில்லை. அரசாங்கம் சொல்கிறது, சொல்லும் கடமை எங்களுடையது என்கிறது. ஒரு நிறுவனம் தன் பொறுப்பு எதுவரை என்று கோடு போட்டுக் காட்டிய வாக்கியம் அது.

2021 மே மாதம் டெல்லி முதலமைச்சராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவால், சிங்கப்பூரில் புதுவகைக் கொரோனா கிருமி உருவாகியிருப்பதாக டுவிட்டரில் எழுதியது நினைவிருக்கிறதா? இங்குள்ள இந்தியக் குடும்பங்களில் அன்று பெரிய கலக்கம். ஊரிலிருந்து அழைப்புமேல் அழைப்பு. அந்தச் செய்தி பல இடங்களில் பல வடிவங்களில் பரவியதால், ஒவ்வொரு பதிவாகத் துரத்தாமல் ஃபேஸ்புக், டுவிட்டர், இன்னும் ஓர் உள்ளூர் நிறுவனம் ஆகியவற்றுக்குப் பொதுத் திருத்த உத்தரவு போயிற்று. சிங்கப்பூரில் அவற்றைத் திறந்தவர்களுக்கெல்லாம் திருத்தம் காட்டப்பட வேண்டும் என்பது உத்தரவு.

உத்தரவை மீறும் தளத்துக்குப் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம், தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு ஒரு லட்சம் வரை. அதற்கும் மசியாவிட்டால், அந்தத் தளத்தை மூடும்படி இணைப்பு நிறுவனங்களுக்கே ஆணை போகலாம். 2020 ஜனவரியில் மலேசிய உரிமைக் குழு ஒன்றின் தளம் அப்படித்தான் மூடப்பட்டது. தபால்காரரிடம் கடைசியாகத்தான் போகிறார்கள், ஆனால் போகிறார்கள்.

இந்தச் சட்டத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம் இருக்கிறது, மறைக்கவில்லை. தைப்பூசப் பொய் சுற்றிய வேகத்தைப் பார்த்தவன் நான். அந்த வேகத்துக்கு வழக்கு, வாய்தா என்று போனால் ஒன்றும் நடக்காது. அதே சமயம், முதல் தீர்ப்பை அமைச்சரே எழுதுகிறார், நீதிமன்றம் பிறகுதான் வருகிறது. அரசாங்கத்தைப் பற்றியே ஒருவர் எழுதும்போது, அது பொய்யா என்று அரசாங்கமே முடிவு செய்வது சரியா என்ற கேள்வியை எதிர்க்கட்சிகளும் எழுத்தாளர்களும் எழுப்பினார்கள், அது நியாயமான கேள்வி. சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியும் தி ஆன்லைன் சிட்டிசன் தளமும் தொடுத்த வழக்குகளில் 2021 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று சொன்னது. சொல்லிவிட்டு, உத்தரவை நீதிமன்றம் எப்படிப் படிப்படியாகச் சோதிக்க வேண்டும் என்றும் வகுத்துக் கொடுத்தது. அந்தச் சோதனை இருப்பது நல்லது. அதுவரை குறிப்பு பதிவின்மேல் ஒட்டியபடியே இருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எல்லையின் அந்தப் பக்கம் நடந்ததையும் பாருங்கள். மலேசியாகினி தளத்தில் வாசகர்கள் நீதித்துறையைத் தாக்கி எழுதிய சில வரிகளுக்காக, 2021 பிப்ரவரி 19-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் நிறுவனத்துக்கு 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. போலிஸ் சொன்ன சில நிமிடங்களிலேயே அந்த வரிகளை அவர்கள் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் அவர்களே வெளியிட்டதாகச் சட்டம் அனுமானிக்கிறது, தெரிந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது. 'தெரிவித்தால் பொறுப்பு' என்பதற்கும் 'தெரிந்திருக்க வேண்டும்' என்பதற்கும் இடையே இருப்பது சின்னச் சொல் வித்தியாசம்தான். ஆனால் இரண்டாவதன்கீழ் வாழும் சிறு பத்திரிகை, வாசகரை எழுதவிடுவதற்கே பயப்படும்.

சிங்கப்பூர் 2023-இலிருந்து போகும் பாதை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒலிபரப்புச் சட்டத்தில் சேர்த்த திருத்தங்கள் அந்த ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தன. தற்கொலையைத் தூண்டுவது, சிறார் பாலியல் வதை, பயங்கரவாதம், இன சமய நல்லிணக்கத்தைக் குலைப்பது போன்ற படுமோசமான உள்ளடக்கத்தைச் சிங்கப்பூர்ப் பயனர் கண்ணில் படாமல் தடுக்கும்படி, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் எந்தச் சமூக ஊடகத்துக்கும் உத்தரவிடலாம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த நாட்டில் இருந்தாலும் சரி. அதே ஆண்டு ஜூலை 18 முதல் ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், டுவிட்டர், யூடியூப், உள்ளூர்க் கருத்துக்களமான ஹார்ட்வேர்ஸோன் ஆகிய ஆறுக்கும் ஒரு நடைமுறை விதித்தொகுப்பு. பிள்ளைகளுக்குத் தனிப் பாதுகாப்பு, எளிதான புகார் முறை, ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்கும் அறிக்கை. உத்தரவு வரும்வரை காத்திருக்காமல் ஒழுங்கான ஏற்பாட்டை முன்கூட்டியே வைத்திரு என்பதுதான் இதிலுள்ள புதுமை.

ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது? ஆணையமே பயனர்போலப் புகார் செய்து சோதித்துப் பார்த்து 2025 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான நிறுவனங்கள் நடவடிக்கை எடுக்கச் சராசரியாக ஐந்து நாள் அல்லது அதற்குமேல் எடுத்துக்கொண்டன. அதைப் படித்தபோது அண்ணன் மகளிடம், "உன் விஷயத்துல மூணே நாள்தான்மா" என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

ஐந்து நாள் என்பது, என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவருக்குப் புரிந்தால். நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதைத்தான். தமிழ் இந்த நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. அதிலும் இளையவர்கள் தமிழை எழுதுவது ஆங்கில எழுத்தில், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி, நடுவில் மலாய்ச் சொல்லும் ஹொக்கியன் சொல்லும் கலந்து. சாதியைக் குத்திக்காட்டும் சொல், நிறத்தைக் கேவலப்படுத்தும் சொல், அம்மாவை இழுக்கும் சொல் எல்லாம் அந்தக் கலவைக்குள் பத்திரமாக ஒளிந்துகொள்ளும். இயந்திரம் தாண்டிப் போய்விடும், வெளிநாட்டில் உட்கார்ந்து பரிசீலிக்கும் ஊழியரும் தாண்டிப் போய்விடுவார். 'தெரிந்தால் பொறுப்பு' என்ற சட்டத்தின்கீழ், புரியாதது தெரியாததாகவே இருந்துவிடுகிறது. சிறுபான்மை மொழிக்காரன் கொடுக்கும் புகாருக்கு அரை மதிப்புத்தான் கிடைக்கிறது என்றால், அது மொழிப் பிரச்சினை மட்டும் இல்லை, சட்டத்தின் பாதுகாப்பு எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கிறதா என்ற பிரச்சினை. ஆண்டறிக்கை கேட்கிற ஆணையம், தமிழில் வந்த புகார் எத்தனை, அதில் எத்தனையைத் தமிழ் தெரிந்தவர் படித்தார் என்று ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம். கேட்க வேண்டும்.

மோசடிக்கு மட்டும் சட்டம் இன்னும் வேகமாக ஓடுகிறது. 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வரத் தொடங்கிய இணையக் குற்றத் தீங்குகள் சட்டத்தின்கீழ், ஒரு கணக்கு மோசடிக்குப் பயன்படக்கூடும் என்ற சந்தேகமே உத்தரவு போடப் போதும். வாட்ஸ்அப், டெலிகிராம், பொருள் வாங்கி விற்கும் கேரசல் போன்றவையும் இதன் விதித்தொகுப்புகளுக்குள் வருகின்றன. அரசாங்க அதிகாரிகளின் முகத்தைப் போட்டு ஏமாற்றும் விளம்பரங்களைத் தடுக்க நடவடிக்கை எடு, இல்லாவிட்டால் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம் என்று 2025 செப்டம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்குக் கட்டளை போனது. பணம் போகிற விஷயத்தில் சந்தேகம் போதும் என்று ஏற்றுக்கொண்ட நாம், மானம் போகிற விஷயத்தில் ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டோம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அதற்கான பதில் 2025 நவம்பர் 5-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் நிறைவேறியது: இணையப் பாதுகாப்பில் நிவாரணமும் பொறுப்புடைமையும் பற்றிய சட்டம். இதற்கென்று ஓர் இணையப் பாதுகாப்பு ஆணையம். 2026-இன் முதல் பாதிக்குள் அமையும் என்று அறிவித்தார்கள். தொடக்கத்தில் ஐந்து வகைத் தீங்குகளுக்கு: இணையத் துன்புறுத்தல், தனிப்பட்ட விவரங்களை வெளியிடுதல், விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல், அந்தரங்கப் படங்களைப் பரப்புதல், படங்கள் வழியாகச் சிறாரை வதைத்தல். பாதிக்கப்பட்டவர் பொதுவாக முதலில் தளத்திடம் புகார் செய்ய வேண்டும். அங்கே ஒன்றும் நடக்காவிட்டால் ஆணையத்திடம் வரலாம். அந்தரங்கப் படம் போன்று காத்திருக்க முடியாதவற்றுக்கு நேராகவே வரலாம். ஆணையம் தளத்துக்கு உத்தரவிடும். எழுதியவன் யார் என்ற விவரத்தைக் கொடுக்கும்படியும் கேட்க முடியும். இன்னொன்றும் உண்டு. தீங்கு செய்தவர்மீதும், அறிவிப்பு கிடைத்தும் நியாயமான நடவடிக்கை எடுக்காத தளத்தின்மீதும், பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்க இந்தச் சட்டமே அடிப்படை அமைத்துக் கொடுக்கிறது. திரைப்பட நிறுவனத்துக்கு இருந்த கதவு, ஒருவழியாக ஈசூனில் இருக்கும் மாணவிக்கும் திறக்கிறது.

அந்தச் சட்டம் தளத்தோடு நிற்கவில்லை, நிர்வாகியையும் பிடிக்கிறது. ஒரு பக்கத்தையோ குழுவையோ நிர்வகிப்பவர், தீங்கு பற்றி அறிவிப்பு வந்த பிறகு சும்மா இருந்தால் அவருக்கும் பொறுப்பு உண்டு. இதை ஒருநாள் தேக்கா உணவங்காடியில் டீ குடித்துக்கொண்டே சொன்னபோது, எங்கள் பழைய மாணவர் குழுவை நடத்தும் நண்பர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "என்னண்ணே சொல்றீங்க, குழுவுல இருநூறு பேரு, ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் ஃபார்வர்டு வருது, நான் எதைன்னு பாக்குறது?"

எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை என்றேன். 1997-இல் எழுதிய வரியே இன்றைக்கும் நல்ல வழிகாட்டி: கண்ணில் பட்டால் எடுங்கள், யாராவது சொன்னால் எடுங்கள். குடும்ப அரட்டை மாதிரியான தனிப்பட்ட உரையாடல் 2023 திருத்தத்துக்குள் வராது, ஆனால் பொஃப்மாவுக்கு மூடிய குழுவும் திறந்த பக்கமும் ஒன்றுதான். ஒரு பெண்ணைப் பற்றி யாரோ ஒன்றைப் போட்டு, அவளோ அவள் வீட்டாரோ உங்களுக்குத் தகவல் அனுப்பினால், அந்தத் தகவல் வந்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. விடியட்டும் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரவு நேரத்துக்கு இன்னொருவரையும் நிர்வாகியாகச் சேர்த்துவிடுகிறேன் என்றார். அன்றிரவே சேர்த்தார்.

புகார் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, அந்தச் சனிக்கிழமை மேசையில் நாங்கள் கற்றுக்கொண்டது. பதிவு மறைந்துவிடும் முன்பே திரைப்பிடிப்பு எடுங்கள், இணைய முகவரியும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. கணக்கின் பெயர் மாறும், முகவரி அவ்வளவு சீக்கிரம் மாறாது. முதல் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள், நிராகரித்த பதிலையும் அழிக்காதீர்கள். தளத்துக்கு நீங்கள் தெரிவித்தீர்கள் என்பதற்கு அந்த நிராகரிப்பே சாட்சி. மிரட்டலோ அந்தரங்கப் படமோ இருந்தால் தாமதிக்காமல் போலிசிடம் போங்கள். தமிழில் எழுதப்பட்டதென்றால் அந்தச் சொல்லின் பொருளை, சொல்லக் கூசினாலும், அப்படியே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். மழுப்பி எழுதினால் படிப்பவருக்கு உறைக்காது. அந்தக் கணக்கை நீக்க வைத்த எங்கள் கடிதத்தில் கடைசி வரியை எழுதியது நான் இல்லை, அண்ணன் மகள். அந்தச் சொல்லின் பொருளை எழுதி முடித்துவிட்டு, இப்போது உங்களுக்குத் தெரியும் என்று மட்டும் சேர்த்தாள்.